கத்திரி வெயிலில் காய்க்கும் மாடி

தை மாதம் எங்கள் தெரு மொட்டை மாடிகளைப் பார்த்தால் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கும். பொங்கல் கழிந்த கையோடு ஆளாளுக்குப் பத்து பை, இருபது பை என்று வாங்கி வைத்திருப்பார்கள். தக்காளி பூத்திருக்கும், கொத்தமல்லி மணக்கும், முதல் கத்திரிக்காய் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஏறியிருக்கும். அதே மாடிகளுக்கு மே மாதம் ஏறிப் பாருங்கள். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் காய்ந்த பைகள் மூட்டை மூட்டையாக அடுக்கிக் கிடக்கும்.

நானும் அப்படி அடுக்கியவன்தான். சென்னை மடிப்பாக்கம் வீட்டுக்குக் குடிவந்த முதல் வருஷம் முப்பது பை வைத்தேன். அக்னி நட்சத்திரம் முடிந்தபோது உயிரோடு இருந்தவை பதினொன்று. அதில் நான்கு கற்றாழை. அவற்றை நான் வளர்த்தேன் என்று சொல்ல மனசாட்சி இடம் தராது.

"வெயில் சார். நாம என்ன பண்ண முடியும்?" என்றார் எதிர்வீட்டுக்காரர். அவர் பைகளும் அதே கதிதான். அந்த வருஷம் அந்தப் பதில் எனக்கும் வசதியாகத்தான் இருந்தது. பிறகு யோசித்தால் ஒரு விஷயம் இடித்தது. தமிழ்நாட்டில் வெயிலுக்குப் பேர்போன ஊர் வேலூர். அந்த மாவட்டத்து இலவம்பாடியில்தான் முள்கத்திரி தலைமுறை தலைமுறையாக விளைகிறது. 2023-ல் புவிசார் குறியீடும் வாங்கியது. வறண்ட ராமநாதபுரத்தின் முண்டு மிளகாய்க்கும் அதே வருஷம்தான் குறியீடு கிடைத்தது. நம் காய்களில் பாதிக்கு மேல் வெயிலில் பிறந்து வெயிலில் வளர்ந்தவை. அவற்றை விட்டுவிட்டு, வெயில் ஆகாத செடிகளைக் கறுப்புப் பையில் போட்டுக் கான்கிரீட்டில் உட்கார வைத்தது நாம்.

அதற்குப் பிறகு ஆறு கோடை போய்விட்டது. இப்போது பங்குனியிலேயே முப்பது பையைப் பன்னிரண்டாகக் குறைத்துவிடுகிறேன். வாரத்தில் நான்கு நாள் வீட்டுக் காய். இந்த இதழ் உங்கள் கைக்கு வரும்போது கத்திரி தொடங்கியிருக்கும் என்பதால் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன்.

பைக்குள்ளே ஓர் அடுப்பு

தோட்டத்து மண்ணில் வளரும் செடிக்குத் தலை மட்டும்தான் வெயிலில் இருக்கும். கால் குளிர்ந்த மண்ணுக்குள் பத்திரமாக இருக்கும். மாடிச் செடிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. கீழே தரை, பக்கத்தில் சுவர், சுற்றிலும் பை எல்லாமே சூடு. மே மாத மதியத்தில் சிமென்ட் தரை ஐம்பது டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். வெறுங்காலோடு துணி உலர்த்தப் போய்த் துள்ளிக்கொண்டு ஓடிவந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அந்தத் தரையில் ஒரு கறுப்புப் பையை வைத்தால் உள்ளே வேர் மெல்ல அவியும். அவிந்த வேர் தண்ணீர் உறிஞ்சாது. செடி வாடும். வாடுகிறதே என்று நாம் இன்னும் ஒரு வாளி ஊற்றுவோம். ஈரமும் சூடும் சேர்ந்து வேர் அழுகும். என் முதல் வருஷச் செடிகளில் பாதி தண்ணீர் இல்லாமல் சாகவில்லை, தண்ணீரில்தான் செத்தன.

ஆகவே கோடையின் முதல் வேலை பையைத் தரையிலிருந்து தூக்குவது. இரண்டு செங்கல் போதும். கீழே காற்று புகுந்தாலே சூடு கணிசமாகக் குறையும். தரையில் ஈரம் நிற்காது என்பதால் தளத்துக்கும் நல்லது. அடுத்தது, பைகளை நெருக்கி வைப்பது. மற்ற காலத்தில் காற்றோட்டத்துக்காகத் தள்ளி வைக்கச் சொல்வார்கள். கோடையில் ஒன்றுக்கொன்று நிழல் கொடுக்கட்டும். வெளிவரிசையில் இருக்கும் பைகளைச் சுற்றிப் பழைய கோணிச் சாக்கைக் கட்டி, காலையில் அதையும் நனைத்துவிட்டால் மண்பானை குளிர்வது மாதிரி பையும் குளிரும். வெளியே வெள்ளை, உள்ளே கறுப்பு என்று வருகிற பை கொஞ்சம் விலை கூடினாலும் கொடுத்த காசுக்கு வேலை செய்கிறது.

சின்னப் பை கோடைக்கு ஆகாது. எட்டு அங்குலத் தொட்டியில் மிளகாய் வைத்தால் பதினோரு மணிக்கே மண் சுட ஆரம்பித்துவிடும். மண் எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு மெதுவாகச் சூடேறும். பன்னிரண்டு சின்னப் பை வைக்கும் இடத்தில் நான்கு பெரிய பை வைப்பது புத்திசாலித்தனம்.

பெரிய பை என்றதும் எடையையும் சொல்லிவிட வேண்டும். நடமாட்டம் உள்ள மாடிக்குக் கட்டடப் பொறியாளர்கள் எடுத்துக்கொள்ளும் கூடுதல் சுமை சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ. நனைந்த பெரிய பை ஒன்று 30 கிலோ வரும். கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். கனமான டிரம்களை நடுமாடியில் வைக்காமல் கீழே சுவரோ உத்தரமோ இருக்கும் ஓரத்தில் வையுங்கள். வயசான கட்டடமாக இருந்தால் ஒரு பொறியாளரைக் கேட்காமல் எதையும் ஏற்றாதீர்கள். கீழ்வீட்டுக் கூரை ஒழுகினால் காய் கொடுத்துச் சமாதானம் செய்ய முடியாது.

தக்காளியை விடுங்கள்

கோடையில் எனக்கு வரும் தொலைபேசிகளில் பாதி தக்காளி பற்றியவை. "பூவா பூக்குதுங்க, ஒண்ணுகூட நிக்க மாட்டேங்குது. என்ன உரம் போடணும்?" எந்த உரமும் வேண்டாம். பகல் 35 டிகிரியையும் இரவு 24, 25 டிகிரியையும் தாண்டிக்கொண்டே போனால் தக்காளியின் மகரந்தம் வலுவிழந்துவிடும். கரு கூடாது. கரு கூடாத பூவைச் செடி வைத்துக்கொள்ளாது.

இதில் பலரும் கவனிக்காதது இரவு. பகல் வெயிலை நிழல்வலை கட்டித் தணிக்கலாம். சென்னையில் மே மாத ராத்திரியில் 25 டிகிரிக்குக் கீழே இறங்குவதே அபூர்வம். அந்தப் புழுக்கத்தை எந்த வலை தடுக்கும்? நமக்குத் தக்காளி அனுப்பும் கோலாரையும் மதனப்பள்ளியையும் கிருஷ்ணகிரிப் பக்கத்தையும் நினைத்துப் பாருங்கள். எல்லாம் மேட்டுநிலம். பகல் சுட்டாலும் ராத்திரி இறங்கும். கடலோரத்து மொட்டை மாடி அதோடு போட்டி போட முடியாது.

தப்பித்தவறிப் பிடித்த காயும் கோடையில் நன்றாகச் சிவக்காது. 30 டிகிரிக்கு மேலே போனால் சிவப்பு நிறமி உருவாவது தடைப்பட்டு, ஆரஞ்சும் மஞ்சளுமாக நிற்கும். ஒரு நாள் ஊற்றி ஒரு நாள் மறந்தால் காயின் அடி கறுத்துச் சூம்பும். மண்ணில் சுண்ணாம்புச் சத்து இருந்தாலும் தண்ணீர் சீராகப் போனால்தான் அது காய்க்குப் போய்ச் சேரும். எல்லாவற்றையும் மீறிப் பழுத்தால் அணில் முந்திக்கொள்ளும். அதற்குத் தாகம், பாவம். மாடியில் ஓர் அகலச் சட்டியில் தண்ணீர் வைத்தால் பாதிப் பழம் தப்பும் என்பது என் அனுபவம்.

2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டி, சென்னை ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்கு அரசாங்கமே விற்றது நினைவிருக்கும். அந்த விலையைப் பார்த்துத்தான் பலர் கோடையில் தக்காளி வைக்கிறார்கள். ஆசை நியாயமானது, ஆனால் காலம் தவறு. ஆடியில் விதைத்தால் மழைக்கு முன் ஒரு சுற்று. கார்த்திகைக்குப் பிறகு நட்டால் தையில் அள்ளி எடுக்கலாம். கோடைக்குப் புளி இருக்கிறது.

அவரையும் அப்படித்தான். பந்தல் அவரை பகல் குறுகும் காலத்தில் பூப்பது. ஆடியில் விதை போட்டால் மார்கழி, தையில் காய்க்கும் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். சித்திரையில் ஊன்றினால் கொடி மட்டும் தொட்டி மேலேறித் தொலைக்காட்சிக் குடையைச் சுற்றிக்கொள்ளும், பூவைக் கண்ணில் காட்டாது. கொத்தமல்லியும் பாலக்கீரையும் வெயில் பட்டதும் அவசரமாகப் பூத்து விதைக்குப் போய்விடும். இவற்றோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

வெயில் கேட்கும் காய்கள்

சரி, எதை வைப்பது? என் பட்டியலில் முதல் இடம் கொத்தவரைக்கு. விருந்துக்குக் கூப்பிடாத காய் அது. கல்யாணப் பந்தியில் அதற்கு இடமில்லை. ராஜஸ்தான் பாலை மணலில் மானாவாரியாக விளைவது இந்தக் கொத்தவரைதான். அங்கே இதன் விதையிலிருந்து பிசின் எடுத்து உலகம் முழுக்க அனுப்புகிறார்கள். நம் மாடி அதற்கு ஊட்டி மாதிரி. பூசா நவ்பகார் என்ற ரகம் கிளைக்காமல் நேராக நிற்பதால் பைக்குத் தோது. ஒரு பைக்கு மூன்று விதை ஊன்றி, இரண்டு மாதம் போனால் கணுவுக்குக் கணு கொத்துக்கொத்தாகத் தொங்கும். நார் ஏறுவதற்குள் பறித்துவிட வேண்டும், அவ்வளவுதான். மிஞ்சினால் உப்பும் மோரும் சேர்த்து வற்றல். மாடி வெயிலில் விளைந்து அதே வெயிலில் காய்ந்துவிடும்.

அடுத்தது வெண்டை. விதையை ராத்திரி ஊறப்போட்டுக் காலையில் ஊன்றினால் நாலைந்து நாளில் முளை, 45 நாளில் முதல் காய். அதன்பின் ஒருநாள் விட்டு ஒருநாள் பறித்தே தீர வேண்டும். ஒரு வாரம் ஊருக்குப் போய்விட்டு வந்தால் வெண்டைக்காய் விறகாகியிருக்கும். ஒரே ஒரு வேண்டுகோள்: இரண்டு செடி வைக்காதீர்கள். ஒரு செடியில் ஒரு நேரத்துக்கு ஒன்றிரண்டு காய்தான் வரும். நாலு பேர் வீட்டுக்குப் பொரியலுக்கு எட்டு செடியாவது வேண்டும். முதல் தடவை வைத்தவர்கள் ஐந்து வெண்டைக்காயைக் கையில் வைத்துக்கொண்டு விழிப்பது இதனால்தான்.

வெண்டைக்கு எமன் வெள்ளை ஈ. அது இலைக்கு இலை பறந்து மஞ்சள் நரம்புத் தேமலைப் பரப்பும். இலை நரம்பு மஞ்சள் வலை பின்னினாற்போல் ஆகிவிட்டால் மருந்து கிடையாது. அந்தச் செடியை இரக்கமில்லாமல் பிடுங்குங்கள். நோயைத் தாங்கும் என்று பெங்களூரு இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் கொண்டுவந்த அர்கா அனாமிகா போன்ற ரகங்கள் உண்டு. ஆனால் ரகத்தை மட்டும் நம்பாமல் மஞ்சள் அட்டையில் விளக்கெண்ணெய் தடவிச் செடி உயரத்துக்குத் தொங்கவிடுங்கள். ஈ தானாக வந்து ஒட்டும்.

கீரை விஷயத்தில் நம் பாட்டிமார் தேர்வு அபாரம். தண்டுக்கீரை, சிறுகீரை, அரைக்கீரை மூன்றும் ஒரே பேரினம். கரும்பும் சோளமும் மக்காச்சோளமும் வெயிலைப் பயன்படுத்தும் அதே சிக்கனமான முறையில் உணவு தயாரிப்பவை. மற்ற செடிகள் சோர்ந்து நிற்கும் சூட்டில் இவை சுறுசுறுப்பாக வளரும். முதல் பத்து நாள் மட்டும் பழைய பருத்திப் புடவையை மேலே கட்டி நிழல் கொடுங்கள். 25 நாளில் கூட்டு. கொடிப்பசலைக்கு அந்த நிழலும் வேண்டாம். சுவரோரம் ஒரு கயிறு போதும்.

பீர்க்கு, புடலை, சுரை, பாகல் எல்லாம் பந்தல் போட இடம் உள்ளவர்களுக்கு. பந்தலுக்கு அடியில் கிடைக்கிற நிழல் உபரி வருமானம், அதில் புதினாவை வைக்கலாம். இந்தக் கொடிகளைப் பற்றி வரும் புகார் ஒன்றுதான்: "ஆண் பூவா பூக்குது சார்." ஆமாம். வெயிலும் பகல்நீளமும் கூடினால் ஆண் பூ மிகும். அதற்கு அவசரப்பட்டு எதையும் தெளிக்க வேண்டாம். பெண் பூவும் வரும். பூவுக்கு அடியில் குட்டிக் காய் இருந்தால் அது பெண். அந்தக் குட்டி பழுத்து உதிர்கிறதென்றால் மகரந்தம் சேரவில்லை. நாலு மாடி உயரத்துக்குத் தேனீ ஏறி வராத வீடுகளில் நாம்தான் அந்த வேலையைப் பார்க்க வேண்டும். ஆண் பூவைப் பறித்து, இதழைக் கிள்ளிவிட்டு, பெண் பூவின் நடுவில் மெல்லத் தொட்டு எடுத்தால் போதும். நேரம்தான் முக்கியம். பாகலும் வெள்ளரியும் காலையில் மலர்பவை. பீர்க்கும் சுரையும் புடலையும் பொழுது சாய்ந்தபின் மலர்பவை. காலையில் போய்ச் சுரைப் பூவைத் தொட்டுக்கொண்டிருந்தால் வீண். சாயங்காலம் ஏழு மணிக்கு டார்ச் அடித்துக்கொண்டு மாடியில் நான் என்ன செய்கிறேன் என்று பக்கத்து வீட்டுப் பையன் கேட்டபோது, சுரைக்காய்க்குக் கல்யாணம் என்றேன். மறுநாள் அவன் பள்ளி முழுக்கச் செய்தி பரவியிருந்தது.

கத்திரியும் மிளகாயும் நடுவாந்திரம். உச்ச வெயிலில் பூ உதிர்க்கும், ஆனால் சாகாது. பங்குனியிலேயே காய்த்து ஓய்ந்த கத்திரிச் செடியை முழங்கால் உயரத்துக்குக் கவாத்து செய்து, ஒரு கை தொழுஉரம் போட்டு, நிழல் பக்கம் ஒதுக்கிவிடுங்கள். ஆடிக்காற்றில் துளிர்த்துப் புதுச்செடி மாதிரி காய்க்கும். புதிதாக நாற்று வாங்கும் செலவும் இரண்டு மாதக் காத்திருப்பும் மிச்சம்.

அம்மாவின் வடாம் வரைபடம்

தோட்டம் ஆரம்பித்தபோது வீட்டில் முதல் எதிர்ப்பு அம்மாவிடமிருந்து. "மாடி வடாம் போடற இடம்டா" என்றார். எந்த மூலையில் எத்தனை மணிக்கு நிழல் விழும், எங்கே காற்று புழுதி கொண்டுவரும், எங்கே காக்கை உட்காரும் என்று அத்தனையும் அவருக்கு அத்துப்படி. வடாம் பாய் விரிக்கும் இடம் என்றால் அங்கே நாள் முழுக்க வெயில். அங்கே கொத்தவரை. பாயை அவர் ஒருபோதும் விரிக்காத இடம் மேற்குக் கைப்பிடிச் சுவரின் அடி. மூன்று மணிக்கு மேல் அங்கே நிழல் வந்துவிடும் என்பதுதான் காரணம். கோடையில் கத்திரிக்கும் மிளகாய்க்கும் அதைவிட நல்ல இடம் மாடியில் கிடையாது. மேலும், மே மாதத்தில் செடியை உலர்த்தி எடுப்பது வெயிலைவிட அனலாய் அடிக்கும் மேல்காற்று. அந்தச் சுவர் அதையும் மறிக்கும். சுவரும் சூடாகும் என்பதால் ஓரடி இடைவெளி விடுங்கள்.

சென்னைக்காரர்களுக்குக் கடற்காற்று ஒரு வரம். அது மதியத்துக்குள் வந்துவிட்டால் செடி தப்பியது. மேல்காற்று ஓங்கிக் கடற்காற்று வர நேரமாகும் நாட்களில்தான் வெப்பம் தாறுமாறாக ஏறும். நுங்கம்பாக்கத்தில் பதிவான உச்சம் 45 டிகிரி, 2003 மே 31 அன்று. அதாவது கத்திரி முடிந்த பிறகு! பஞ்சாங்கத்தைப் பார்த்து 28-ம் தேதியே நிழல்வலையை அவிழ்த்துவிடாதீர்கள்.

வெயில் விழும் திசையும் கோடையில் மாறும். சென்னையில் ஏப்ரல் 24, 25 வாக்கில் நடுப்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. அன்று நட்டு வைத்த கம்புக்கு நிழலே இருக்காது. அதன்பின் ஆகஸ்ட் பாதிவரை நடுப்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். அடுக்குமாடிக் குடியிருப்புகளில் பால்கனி மட்டும் உள்ளவர்களுக்கு இதுதான் பெரிய செய்தி. மார்கழியில் இருட்டாகக் கிடந்த வடக்குப் பால்கனியில் மே, ஜூன் காலையிலும் மாலையிலும் வெயில் எட்டிப் பார்க்கும். தை முழுக்க வெயில் காய்ந்த தெற்குப் பால்கனி நிழலாகிவிடும். தொட்டிகளை இடம் மாற்றத் தெரிந்தால் பால்கனியிலும் கோடை விவசாயம் உண்டு. புதினா, கறிவேப்பிலைக் கன்று, கீரை நாற்று தெற்கே. வெயில் விரும்பும் கொடிகள் வடக்கே.

நிழல்வலை வாங்குபவர்கள் கடைக்காரர் எடுத்துத் தரும் அடர்த்தியான பச்சை வலையை அப்படியே வாங்கிவிடுகிறார்கள். காய்கறிக்கு 35 சதவீதம் போதும். நாற்றுக்கும் கீரைக்கும் 50. அதற்கு மேல் போனால் செடி வெளிச்சம் தேடி நெட்டையாக வளர்ந்து சாயும். வெண்டைக்கும் கொத்தவரைக்கும் வலையே வேண்டாம். கட்டும்போது ஆள் உயரத்துக்கு மேல் கட்டி, நாலு பக்கமும் திறந்துவிடுங்கள். பக்கமும் சேர்த்து மூடினால் உள்ளே வெந்நீர் அறை.

தண்ணீர்க் கணக்கு

2019 ஜூனில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் வறண்டு, ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து 25 லட்சம் லிட்டரோடு ரயில் வந்த நாட்களை இந்த ஊர் மறக்காது. குடிக்கத் தண்ணீருக்குக் குடத்தோடு நிற்கும் தெருவில், செடிக்கு ஹோஸ் பிடிக்க யாருக்கும் மனசு வராது, வரவும் கூடாது. கோடைத் தோட்டம் வைப்பவர் முதலில் தண்ணீர் எங்கிருந்து வரும் என்று பார்த்துவிட்டுத்தான் பையை எண்ண வேண்டும்.

என் கணக்கு இது. பன்னிரண்டு அங்குலப் பைக்கு நாளுக்கு ஒன்றரை லிட்டர், பதினைந்து அங்குலத்துக்கு இரண்டரை, பந்தல் கொடிக்கு ஐந்து. பன்னிரண்டு பைக்கும் சேர்த்து இரண்டு வாளிக்குள் அடங்கும். ஒரு வாளி ஏசி தண்ணீர். கடலோரப் புழுக்கத்தில் ஓர் ஏசி ராத்திரி முழுக்க ஓடினால் ஒரு வாளி நிறையும். அதில் உப்பு இல்லை. இன்னொரு வாளி அரிசி, பருப்பு, காய் கழுவிய தண்ணீர். கோடை மழை ஒன்று பெய்தால் அது போனஸ். 1,000 சதுர அடி மாடியில் ஒரு சென்டிமீட்டர் மழைக்குச் சுமார் 900 லிட்டர் விழுகிறது. நாலு டிரம் பிடித்து வைத்தால் மூன்று வாரம் ஓடும்.

ஆர்ஓ இயந்திரம் கழிக்கும் தண்ணீரை மட்டும் நேரடியாக ஊற்றாதீர்கள். சிக்கனம் என்று நினைத்து ஒரு மாதம் ஊற்றினேன். கத்திரி இலையெல்லாம் ஓரம் கருகின. அது வடிகட்டி ஒதுக்கிய உப்பெல்லாம் சேர்ந்த தண்ணீர். போர்த் தண்ணீர் உவர்ப்பாக உள்ள வீடுகளிலும் இதே கதை. மண் மேல் வெள்ளைப் பூப்பு தெரிந்தால், நல்ல தண்ணீர் கிடைக்கும் நாளில் அடியில் வழியும்வரை ஒருமுறை ஊற்றி உப்பைக் கழுவிவிடுங்கள்.

ஊற்றும் நேரம் காலை ஏழுக்குள். சுட்டெரிக்கும் நாளில் சாயங்காலம் இன்னொரு சிறு பங்கு. மதியம் பீர்க்கு இலை துவண்டு தொங்குவதைப் பார்த்துப் பதறாதீர்கள். அது தண்ணீரைச் சேமிக்கச் செடி போடும் வேஷம். ஆறு மணிக்கு நிமிர்ந்துவிடும். சாயங்காலமும் நிமிராவிட்டால்தான் கவலை. சந்தேகம் வந்தால் இரண்டு அங்குலம் விரலை விட்டுப் பாருங்கள். ஊற்றுவதற்கு முன் குழாயில் முதலில் வரும் வெந்நீரை ஓட்டி வாளியில் பிடித்து ஆற வையுங்கள்.

தென்னை நார்க்கழிவு நிரப்பிய பைகளில் ஒரு சூட்சுமம் உண்டு. அது தன் எடையைப் போலப் பல மடங்கு தண்ணீர் பிடிக்கும். ஆனால் ஒருமுறை முற்றாகக் காய்ந்துவிட்டால் தண்ணீரைச் சட்டென்று ஏற்காது. ஊற்றியது ஓரமாக வழிந்து அடியில் ஓடும், நாமும் நனைந்துவிட்டது என்று நம்புவோம். அப்படி ஆன பையைத் தொட்டியில் இறக்கி அரைமணி ஊறவிடுவதுதான் வழி. நார்க்கழிவை மலிவாக வாங்கினால் உப்பும் சேர்ந்து வரும். இரண்டு மூன்று தண்ணீரில் அலசாமல் பையில் போடாதீர்கள்.

எல்லாவற்றையும்விடத் தண்ணீரை மிச்சம் செய்வது மூடாக்கு. அதற்கான சரக்கைக் கோடையே தெருவோரம் கொட்டி வைத்திருக்கிறது. கரும்புச் சாறு கடைச் சக்கையை இரண்டு நாள் உலர்த்தி, இனிப்பு போன பிறகு மண் மேல் இரண்டு அங்குலம் பரப்புங்கள். பச்சையாகப் போட்டால் எறும்பு குடிவரும். இளநீர் மட்டையைத் துண்டாக்கிப் புதுப் பையின் அடியில் போட்டால் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இளநீர்க்காரர் சந்தோஷமாகக் கொடுப்பார். நாலு நாள் ஊருக்குப் போகிறீர்களா? பூச்சு பூசாத சிறு மண்கலயத்தைக் கழுத்துவரை பெரிய பையில் புதைத்து, தண்ணீர் நிரப்பி மூடிவிட்டுப் போங்கள். கசிந்து கசிந்து வேருக்குக் கொடுக்கும்.

மருந்தும் ஊட்டமும்

வெயில் காலத்தில் சாறு உறிஞ்சும் பூச்சிகளுக்குக் கொண்டாட்டம். மாவுப்பூச்சி, வெள்ளை ஈ, இலைக்கு அடியில் சிலந்திப்பேன். தினமும் தண்ணீர் ஊற்றும்போது இலையைத் திருப்பிப் பார்த்து, கையால் தேய்த்துக் கழுவினாலே முக்கால்வாசி ஒழியும். வேப்பெண்ணெய் லிட்டருக்கு 5 மில்லி, கரைய ஒரு துளி சோப்பு. சாயங்காலம் மட்டும் தெளியுங்கள். வெயிலில் தெளித்தால் இலை வறுபடும். கடை மருந்துக்கு ஓடும் முன் ஒரு பழைய கதையை நினைவுபடுத்துகிறேன். 2008-ல் கோவைப் பக்கம் தலைகாட்டிய பப்பாளி மாவுப்பூச்சி, பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று எல்லாவற்றையும் தின்றது. மருந்தடித்துத் தீரவில்லை. 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வரவழைத்து விடப்பட்ட கடுகளவுகூட இல்லாத ஒரு குளவி அதை அடக்கியது. உங்கள் மாடியிலும் பொறிவண்டும் சிலந்தியும் சம்பளமில்லாமல் வேலை பார்க்கின்றன. அவற்றையும் சேர்த்துக் கொன்றுவிடாதீர்கள்.

ஊட்டம் விஷயத்தில் கோடையில் கஞ்சத்தனம் நல்லது. கொடுமுடி மருத்துவர் கே.நடராஜன் பரப்பிய பஞ்சகவ்யம் லிட்டருக்கு 30 மில்லி, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, பொழுது சாய்ந்தபின். அதற்கு மேல் கொடுத்தால் வாடிய செடிக்கு விருந்து வைத்த கதைதான். தோட்டக்கலைத் துறையின் மானிய விலை மாடித்தோட்டக் கிட் கிடைத்தால் வாங்கி வையுங்கள், ஆடிக்கு உதவும்.

இவ்வளவும் படித்துவிட்டு, இந்தக் கோடை நம்மால் ஆகாது என்று தோன்றினால் அதிலும் தப்பில்லை. செடிகளைப் பிடுங்குங்கள், ஆனால் பைகளைக் கொட்டி அடுக்கிவிடாதீர்கள். மண்ணில் இருக்கும் கோடிக்கணக்கான உயிர்கள் வேகவைத்தாற்போல் செத்துவிடும். பையை நிழலில் வைத்து, காய்ந்த இலையை மேலே திணித்து, வாரத்துக்கு இரண்டு முறை ஒரு சொம்பு தண்ணீர் தெளித்து வாருங்கள். ஒரு பையிலாவது பத்து ரூபாய்க்குச் சிறுகீரை விதை வாங்கித் தூவுங்கள். ஆடி பிறக்க இன்னும் பத்து வாரம்தான் இருக்கிறது.